தாம்பரம் வண்டியில் படித்த பொருளாதாரம்

1

போன சனிக்கிழமை என் மகள் யாழினி விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். நாங்கள் இருப்பது ஜெர்மனியில், லைப்சிக் நகரத்தில். அவள் படிப்பது ரயிலில் போய்வரும் தூரத்தில் வேறொரு ஊரில், பொருளாதாரம். வரும்போதெல்லாம் ஒரு மூட்டை அழுக்குத் துணியும், தலையணை கனத்துக்கு ஒரு பாடப்புத்தகமும் கூடவே வரும். துணியை நான் மெஷினில் போட்டேன். அவள் சமையலறை மேஜையில் புத்தகத்தை விரித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பாடம்?"

"வீட்டு வேலை. அதை ஏன் நாட்டோட வருமானத்துல சேக்க மாட்டாங்கன்னு ஒரு சாப்டர்." தமிழில் சொல் தேடிக் கொஞ்சம் திணறினாள். "உனக்குச் சொன்னா புரியாதும்மா. தியரி."

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அம்மா என்றால் ஜெர்மன் இலக்கணத்தில் தப்பு செய்கிறவள், கடிதம் வந்தால் படித்துக்காட்டச் சொல்கிறவள். அப்படிப்பட்டவளிடம் தியரியைப் பற்றி யார் பேசுவார்கள்?

"அந்த சாப்டரை நான் தாம்பரம் வண்டியிலேயே படிச்சாச்சு" என்றேன்.

"எந்த வண்டி?"

"பீச் போற எலக்ட்ரிக் ட்ரெய்ன். லேடீஸ் கம்பார்ட்மென்ட்."

யாழினி மஞ்சள் பேனாவை மூடிவைத்தாள். அன்று அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தாம்பரத்திலிருந்து தினமும் அந்த வண்டியில் போய்வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்தப் பெட்டியின் சத்தம் அவர்களுக்குக் கேட்கும்.

2

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் எங்களுக்கு வாடகை வீடு. யாழினி சின்னக் குழந்தை. அவளை அடுத்த தெருவில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு ஓடுவேன். எழும்பூரில் ஒரு தொலைபேசி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. வண்டி தாம்பரத்திலிருந்தே கிளம்புவதால் முன்னாடி போனால் ஜன்னல் ஓரம் கிடைக்கும். அந்த ஜன்னல் ஓரத்தில்தான் எஸ்தர் அக்கா எனக்குப் பழக்கமானார்.

எஸ்தர் அக்கா மேற்குத் தாம்பரம். விலைவாசிப் புள்ளிவிவரம் சேர்க்கும் ஓர் அரசு அலுவலகத்தில் இருந்தார். கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடிப் பாடி அவர் குரல் நன்றாகத் திறந்திருந்தது. வண்டி எவ்வளவு இரைந்தாலும் அவர் வாசித்தால் எதிர் வரிசை வரை கேட்கும்.

மூன்றாவது ஆள் உஷா. இரும்புலியூரில் வீடு, பாரிமுனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க். அவளுக்குக் கதை வேண்டும், சாப்பாடு மாதிரி. கடைத்தெருவில் ஒரு வாடகை நூலகத்திலிருந்து நாவல்களை எடுத்துவருவாள். முதலில் அவரவர் தனித்தனியாகத்தான் படித்தோம். ஒருநாள் உஷா ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுத் தானாகவே சிரித்தாள். "என்ன, எங்களுக்கும் சொல்லேன்" என்றார் எஸ்தர் அக்கா. அங்கே ஆரம்பித்தது. ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்போம். பிறகு எஸ்தர் அக்கா ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு நாவல் முடிந்தால் அடுத்தது ஒரு பொருளாதாரப் புத்தகம். ஆங்கிலத்தில் இருப்பதை அவரே தமிழில் சொல்லிவிடுவார்.

"பொருளாதாரமா? காலங்காத்தால தூக்கம் வரும்க்கா" என்றாள் உஷா.

"வந்தா தூங்கு. கிண்டியில எழுப்பறேன்."

பூக்கூடையோடு பெட்டியில் ஏறும் மல்லிகா எங்களைத் தினமும் கேட்பாள்: "இன்னாக்கா, தெனம் புக்கு படிச்சுகினு கீறீங்க, எப்பதான் பாஸ் பண்ணுவீங்க?"

3

படித்த புத்தகங்களின் பெயர்களை எழுதப்போவதில்லை. பாதி எனக்கு மறந்துவிட்டன. உள்ளே இருந்தது மட்டும் மறக்கவில்லை.

மூன்று தலைமுறைக் குடும்பக்கதை ஒன்று, ஒரு மழைக்காலம் முழுவதும் போனது. அதில் வரும் பெரியவர் பரங்கிமலை ஸ்டேஷனில் செத்துப்போனார். அதாவது, நாங்கள் பரங்கிமலையில் இருந்தபோது அந்தப் பக்கம் வந்தது. எங்களுக்குச் சம்பந்தமே இல்லாமல் எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்" என்றார்.

இன்னொரு நாவலில் கடைசிப் பக்கத்தில் கதாநாயகி வீட்டைவிட்டுக் கிளம்பிப் போகிறாள். எஸ்தர் அக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. உஷாவுக்குக் கோபம். "எங்கக்கா போனா? எந்த வண்டியில போனா? கையில டிக்கெட்டுக்குப் பணம் இருந்துதா? எழுதினவரு கதவு வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு அவரு பாட்டுக்குத் தூங்கப் போயிட்டாரு."

பொருளாதாரப் புத்தகங்கள் வேறு மாதிரி. பஞ்சத்தைப் பற்றி ஒன்று படித்தோம். நெல் விளையாமல் போவதுதான் பஞ்சம் என்று நினைத்திருந்தேன். கடையில் அரிசி மூட்டை அடுக்கியிருக்கும்போதே வாங்கக் காசில்லாமல் வாசலில் ஜனங்கள் சாகலாம் என்று எஸ்தர் அக்கா சொன்னார். அன்றைக்கு மதியம் டிபன் டப்பாவைத் திறந்தும் சாப்பிடப் பிடிக்கவில்லை. எந்த நாவலும் என்னை அப்படிச் செய்ததில்லை.

சந்தையைப் பற்றிய ஒரு புத்தகத்தில் எப்போதும் லாபநஷ்டம் பார்த்தே முடிவெடுக்கும் ஒரு மனிதர் வருவார். பக்கத்துக்குப் பக்கம் அவர்தான். உஷா பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகலையாக்கா?" பெட்டியே சிரித்தது.

அதே புத்தகத்தில்தான் 'வாய்ப்புச் செலவு' என்று ஒன்று வந்தது. ஒன்றைச் செய்வதற்காக நாம் விட்டுக்கொடுக்கும் இன்னொன்றுதான் அதன் உண்மையான விலை. எஸ்தர் அக்கா இதைச் சொல்லும்போது வண்டி குரோம்பேட்டையில் நின்றிருந்தது.

"நான் காலைல சப்பாத்தி போடறேன்" என்றாள் உஷா. "கோதுமை மாவு, எண்ணெய், காஸ். இதுதானே செலவு?"

"அது மட்டுமில்ல. அந்த நேரத்துல நீ வேற எதைச் செஞ்சிருப்பியோ, அதுவும்தான்."

பல்லாவரம் தாண்டியும் உஷா வெளியே பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப என் சப்பாத்தியோட விலை ஆபீசர் போஸ்ட்டுக்கா."

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

4

வங்கியில் கிளார்க்காக இருப்பவர் தேர்வெழுதி ஆபீசர் ஆகலாம். ஆனால் ஆபீசர் ஆனால் வெளியூர் மாற்றல். குடும்பம் இருக்கிற பெண்கள் பலர் அந்தத் தேர்வின் பக்கமே போவதில்லை. உஷாவும் போனதில்லை. அவளுக்கு அடுத்து வேலைக்குச் சேர்ந்த ஆண்களெல்லாம் மேலே போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் அவளுக்கே மேனேஜராக வந்தார்.

அடுத்து நாங்கள் படித்ததுதான் யாழினி இப்போது படிக்கும் விஷயம். சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் எந்த நாட்டின் வருமானக் கணக்கிலும் வராது என்ற அத்தியாயம். அதைக் கேட்ட பிறகு உஷா அந்த வருடம் தேர்வு எழுதினாள். வீட்டில் சொல்லவில்லை. தேறினாள். திண்டுக்கல்லில் கிளை.

அவள் கணவர் சேகர், சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பெரியவள் திவ்யா ஏழாவது, சின்னவன் மூன்றாவது. வீட்டில் பெரிய சண்டை. மூன்று நாள் யாரும் யாரோடும் பேசவில்லை என்று உஷா வண்டியில் சொன்னாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். வாராவாரம் சனிக்கிழமை வந்துவிடுவதாகப் பேச்சு.

அவள் இல்லாமல் நாங்கள் இரண்டு பேர். வாசிப்பு சரியாக ஓடவில்லை. எஸ்தர் அக்கா பாதியில் புத்தகத்தை மூடிவிட்டு, "நான் புக்குல இருக்கிறதைத்தானே சொன்னேன் புவனா, போன்னு சொல்லலையே" என்று என்னிடம் சொல்வார்.

ஒருநாள் காலை எங்கள் நடைமேடைக்குச் சேகர் வந்தார். அவர் போகவேண்டியது செங்கல்பட்டு வண்டி. லேடீஸ் பெட்டி நிற்கும் இடத்தில் சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருக்க, தயங்கி நின்றார்.

"எஸ்தர் மேடம் நீங்கதானே? உஷாவுக்கு அந்த புக்கைச் சொன்னது நீங்கதானே?"

அக்கா எழுந்து கதவருகே போய், "நான்தான்" என்றார்.

"அதைக் கொஞ்சம் குடுங்களேன். அப்படி என்னதான் எழுதியிருக்குன்னு பாத்துட்டுத் தரேன்."

கொடுத்தார். பல வாரம் கழித்துத் திருப்பித்தந்தார் சேகர். ஓரங்களில் மஞ்சள் கறை, சமையலறையில் வைத்துப் படித்திருக்கிறார். "இங்கிலீஷ் கஷ்டமா இருந்துச்சு மேடம். அந்த ஒரு சாப்டர் மட்டும் டிக்ஷனரி வச்சுப் படிச்சேன். கரெக்டாத்தான் சொல்றான்." கொஞ்சம் நின்றார். "ஆனா ஷிப்ட்டும் பாத்துட்டு, வந்து உலையும் வைக்கிறவனைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே, மேடம்."

எஸ்தர் அக்கா புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "இருந்திருக்கணும், சேகர்" என்று மட்டும் சொன்னார்.

5

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜெர்மனிக்கு வந்து, யாழினி ஓரளவு வளர்ந்த பிறகு, வேலை தேடி இங்குள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனேன். பட்டச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு சரிதான் என்பதற்கு ஒரு முத்திரை, எல்லாம் கையில். எதிரில் இருந்த பெண் என் காகிதங்களைப் புரட்டிவிட்டுச் சில வருடங்களின்மேல் விரலை வைத்து ஏதோ சொன்னார். எனக்கு 'க்ளுக்' என்று காதில் விழுந்தது. அதிர்ஷ்டம் என்று அர்த்தம். குழந்தையோடு வீட்டில் இருக்க முடிந்ததைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமாம், ரொம்ப அதிர்ஷ்டம், நன்றி" என்றேன், முகம் மலர. அவர் விழித்தார். அவர் சொன்னது 'லுக்க'. இடைவெளி. இந்த வருடங்களில் ஓர் இடைவெளி இருக்கிறதே, அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

நூலகத்தில் ஒரு வாசிப்பு வட்டத்தில் சேர்ந்திருக்கிறேன். போன மாதம் படித்த நாவலிலும் ஒரு தாய் குடும்பத்தைவிட்டுப் போகிறாள். எல்லோரும் அவள் துணிச்சலைப் பாராட்டினார்கள். என் முறை வந்தபோது, அடுத்த நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தால் நன்றாக இருக்கும் என்று என் உடைந்த ஜெர்மனில் சொன்னேன். நான் அந்தப் பெண்ணைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி இல்லை என்று விளக்க எனக்கு வினைச்சொல் கிடைக்கவில்லை. நான் சொல்லவந்தது இரும்புலியூர் வீட்டைப் பற்றி.

6

உஷா திண்டுக்கல் போய் ஒரு வருடம் ஆகப்போகும் சமயம், ஒருநாள் மதியம் எஸ்தர் அக்கா என் எழும்பூர் அலுவலகத்துக்கு போன் செய்தார். சேகர் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். திவ்யா பள்ளியிலிருந்து பாதியில் வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டவள் திறக்கவே இல்லை. வயசுக்கு வந்திருக்கிறாள் என்று சேகருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அப்பாவால் கதவுக்கு வெளியே நின்று என்ன பேசமுடியும்? உஷா திண்டுக்கல்லில் இருக்கிறாள்.

இரண்டு பேரும் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு இரும்புலியூர் போனோம். சேகர் குளியலறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் சின்னவனைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

"திவ்யா, எஸ்தர் ஆன்ட்டிடா. புவனா ஆன்ட்டியும் வந்திருக்காங்க. பயப்பட ஒண்ணுமில்ல கண்ணு."

நேரம் எடுத்துக்கொண்டு திறந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. செய்யவேண்டியதைச் சொல்லிக் கொடுத்தோம். நான் வெந்நீர் வைத்தேன், தலை துவட்டிவிட்டேன். அவள் ஒரே ஒரு தடவை, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லியாச்சு, கிளம்பிட்டாங்க என்றோம்.

மறுநாள் காலையில் உஷா வந்து சேர்ந்தபோது நானும் அங்கே இருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள். திவ்யா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திரும்பாமலே கேட்டாள்:

"நீங்க இன்னிக்கு ஆபீஸ் போகலையா?"

அதுவரை அம்மாவை அவள் 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். உஷா கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க லீவு போட்டு இருந்தாள். திரும்பிப் போகும் நாளில் தாம்பரம் ஸ்டேஷனுக்கு நானும் எஸ்தர் அக்காவும் வழியனுப்பப் போனோம். எஸ்தர் அக்கா தாங்கமுடியாமல் சொன்னார்: "போதும் உஷா. எழுதிக் குடுத்துட்டுப் பழைய வேலைக்கே வந்துடு. யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

"வந்துட்டா, இந்த ஒரு வருஷமும் வேஸ்ட்டுக்கா. என் புள்ள அழுததும் வேஸ்ட்டாயிடும்" என்றாள் உஷா.

போனதை நினைத்து முடிவெடுக்கக் கூடாது, அது கணக்குத் தப்பு என்று பொருளாதாரப் புத்தகங்கள் சொல்லும். அதை நான் பிற்பாடு இங்கே, எளிய ஜெர்மனில் எழுதிய ஒரு புத்தகத்தில் படித்தேன். ஓரத்தில் பென்சிலால் 'இல்லை' என்று எழுதிவிட்டு, நூலகப் புத்தகம் என்று ஞாபகம் வந்து அழித்தேன்.

அடுத்த வருடம் நாங்கள் ஊரைவிட்டு வந்துவிட்டோம். உஷா திண்டுக்கல்லில் இருந்து செங்கல்பட்டுக்கு மாற்றலாகி வந்தாள், ஆபீசராகவே. இப்போது ஒரு கிளைக்கு மேனேஜர். சேகரின் வத்தக்குழம்பு தெருவில் பிரசித்தம் என்று கேள்வி. எஸ்தர் அக்கா ஓய்வுபெற்று, படிக்கிற புத்தகங்களைப் பற்றிக் குரல்பதிவு அனுப்புகிறார், முழு கம்பார்ட்மென்ட்டுக்கும் கேட்கும்படி.

7

இவ்வளவும் கேட்ட யாழினி, உஷாவோடு பேசவேண்டும் என்றாள். அவளுடைய கட்டுரைக்கு உதவுமாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டோம். உஷா தலையில் கொஞ்சம் நரையோடு, கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரசவத்துக்கு வந்த திவ்யா, கைக்குழந்தையோடு அங்கேதான் இருக்கிறாள். பின்னால் எங்கேயோ அதன் அழுகை கேட்டது.

யாழினி கேள்விகளை எழுதிவைத்திருந்தாள். அவற்றைத் தமிழில் கேட்கப் பட்டபாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஆன்ட்டி, அப்போ உங்க டிசிஷன்... இப்போ திரும்ப அதே டைம் வந்தா, அதேதான் செய்வீங்களா?"

உஷாவின் கை கீரையில் நின்றுவிட்டது. "என்னம்மா சொல்றது..." என்று இழுத்தாள்.

"அம்மாவை ஏன் கேக்குறே? என்னைக் கேளு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு திவ்யா வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணை நான் பார்த்துப் பல வருடம். முகம் சேகர் மாதிரி ஆகிவிட்டது.

"விலை குடுத்தது நான்தானே?" என்றாள்.

யாழினி காகிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு" என்றாள் திவ்யா, சாதாரணமாக, மழை வருது என்பது போல. "இவனைப் பெத்தப்புறம் ஜாஸ்திதான் ஆயிருக்கு. அன்னிக்கு அம்மா இருந்திருக்கணும். அதுல மாத்துப் பேச்சே கிடையாது." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "ஆனா அம்மா போகாம இருந்திருந்தா, இந்தக் கோவம் அவளுக்கு இருந்திருக்கும். தெனம் சப்பாத்தி போடும்போது இருந்திருக்கும். நாங்க அதைச் சாப்பிட்டிருப்போம். அதுக்கு இது என்கிட்டயே இருக்கட்டும். நான் சமாளிச்சுக்குவேன்."

அன்று 'நீங்க' என்று விலகியவள், இன்று அம்மாவை 'அவள்' என்றாள். உஷாவும் அதைக் கேட்டாள் என்று நினைக்கிறேன். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டுக் குழந்தைக்காகக் கையை நீட்டினாள். "குடு, நீ போய்ச் சாப்பிடு. ஆறிடும்."

இணைப்பைத் துண்டித்த பிறகு யாழினி பேனாவை மூடிவைத்தாள். அவள் காகிதத்தில் கேள்விகள் மட்டும் இருந்தன, பதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் எழுந்து இரவுச் சமையலுக்கு வெங்காயத்தை எடுத்தேன்.

"அம்மா, அதை வை. உக்காரு" என்றாள்.

உட்கார்ந்தேன்.

"நீ அந்த எழும்பூர் ஆபீஸ்ல என்ன வேலை பாத்தே? முழுசாச் சொல்லு."

இந்த நாட்டில் யாரும், அவள்கூட, என்னை அதைக் கேட்டதில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், என் மேஜை இருந்த இடத்தைச் சொன்னேன். இரண்டாவது மாடி, ஜன்னல் பக்கம், கீழே பார்த்தால் தண்டவாளம் தெரியும் என்றேன். மேலே சொல்லு என்பது போல அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.